படத்தில் தலைக்கு மேல் புகை, வாசலில் நல்ல காற்று: எதை நம்புறது?

#1 மாலினி_ஸ்கார்பரோ

வணக்கம். செயற்கைக்கோள் படம் பாக்கத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச இருக்கினம் எண்ட நம்பிக்கையில கேக்கிறன்.

நாங்கள் டொரொண்டோவில, ஸ்கார்பரோ பக்கம். மகனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா இருக்கு. பின்னேரத்தில சாக்கர் பயிற்சி. 2023 ஜூனில பட்ட பாட்டுக்குப் பிறகு, கோடை துவங்கினா காலமை எழும்பின உடனே பாக்கிறது புகை வரைபடம்தான்.

முந்தநாள் அமெரிக்க வானிலை–கடல் ஆய்வு அமைப்பு நோவாவின்ர வரைபடத்தில எங்கட தலைக்கு மேல "அடர்த்தி" எண்டு நிறம் பூசிக் கிடந்தது. பிள்ளையை வெளிய விடேல்லை. ஆனா ஒரு மணமும் இல்லை, பக்கத்துத் தெருவில இருக்கிற காற்றுத்தரச் சென்சர் 8 எண்டு குறைவாத்தான் காட்டுது. நேற்று அதே வரைபடம் "லேசு" எண்டுது. பின்னேரம் ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிறன், மரம் எரிஞ்ச மணம் மூஞ்சையில அடிக்குது. எதைப் பாத்து முடிவெடுக்கிறது?

#2 கொக்குவிலான்

மூக்கை நம்புங்கோ தங்கச்சி. அதுக்குச் சந்தா கட்டத் தேவையில்லை.

#3 மேகநோக்கி

மூக்கு நல்ல கருவிதான், ஆனா புகை வந்து சேர்ந்த பிறகுதான் சொல்லும். மாலினி கேட்பது வருமுன் தெரிஞ்சுக்கிற வழி.

முதல்ல அந்த வரைபடத்தைப் பத்திச் சொல்லிடறேன். நோவாவின் தீ–புகை வரைபடம் கணினி தானாகப் போடுறது இல்லை. ஆய்வாளர்கள் உட்கார்ந்து, கோஸ் என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் படங்களை ஓடவிட்டுப் பார்த்து, புகை தெரியும் இடத்தைச் சுற்றிக் கையால் எல்லைக்கோடு போடுறாங்க. லேசு, நடுத்தரம், அடர்த்தி என்று மூணே தரம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எவ்வளவு தடித்துத் தெரியுதோ அதுதான் அந்தத் தரம். நீங்க சுவாசிக்கிற உயரத்தில் எவ்வளவு இருக்கு என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஏரோசால் ஒளித்தடிமன் என்று எண்ணாகக் கொடுக்கிற படங்களுக்கும் இதே கதைதான். தரையிலிருந்து வானம் வரைக்கும் உள்ள மொத்தக் காற்றுத் தூணில் ஒளி எவ்வளவு தடைபடுது என்பதன் கணக்கு அது. தெளிந்த கிணற்றை மேலே நின்று எட்டிப் பார்த்தா, இலை மிதக்குதா அடியில் கிடக்குதா என்று சட்டென்று சொல்ல முடியாது. அதே சிக்கல்தான் இங்கேயும்.

உயரம் ஏன் மாறுது? எரியும் காட்டுக்கு மேலே சூடான காற்று புகையைத் தூக்கிட்டுப் போகுது. எவ்வளவு உயரம் என்பது தீயின் உக்கிரத்தையும் அன்றைய வளிமண்டலத்தையும் பொறுத்தது. ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாப் புகை ஒண்டாரியோ வரைக்கும் வருதுன்னா பெரும்பாலும் பல கிலோமீட்டர் உயரத்தில், மேல்காற்றில் மிதந்து வரும். 2023 மே மாதம் அப்படித்தான். ஆல்பர்ட்டா எரிஞ்சது, இங்கே கிழக்கில் வானம் பால் கலந்த மாதிரி வெளுத்தது, சூரியன் சிவந்தது, கீழே காற்றில் பெரிய மாற்றமில்லை.

ஜூன் வேற கதை. ஜூன் முதல் வாரம் கியூபெக்கில் மின்னல் விழுந்து ஒரே நேரத்தில் பல இடங்களில் தீ பிடிச்சது. கிழக்குக் கரையோரமாக ஒரு தாழ்வழுத்தம் நகராமல் நின்னது. தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். அதன் மேற்கு விளிம்பில் காற்று நேராக வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். கியூபெக் புகை அந்தப் பாதையில் ஓட்டாவா, டொரொண்டோ, நியூயார்க் என்று வழிஞ்சது. தூரம் சில நூறு கிலோமீட்டர்தான், அதனால் மேலே போய்க் கலைய நேரமில்லை. தரையை ஒட்டியே வந்தது. ஜூன் 7 பிற்பகல் நியூயார்க்கில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டினதும், அந்த ஆரஞ்சு வானமும் இதனால்தான்.

உங்க முந்தநாள் நிலைமை மே மாதிரி. நேற்றையது ஜூன் மாதிரி தரையோடு வந்தது, படலம் மட்டும் மெல்லிசு.

#4 சுடரி

நல்ல விளக்கம். எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. கோஸ் படத்தை ஓடவிட்டுப் பார்க்கும்போது காலையில் புகை பளிச்சென்று தெரியுது. மத்தியானம் பார்த்தா காணோம். கலைஞ்சிடுச்சுன்னு நினைச்சா சாயங்காலம் அதே இடத்தில் திரும்ப வந்து நிக்குது. புகை எங்கே போயிட்டு வருது?

#5 மேகநோக்கி

எங்கேயும் போறதில்லை சுடரி. வெளிச்சத்தின் வேலை அது. புகைத்துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அளவு. அது தன்மேல் விழுற ஒளியில் பெரும்பகுதியை வந்த திசையிலேயே முன்னோக்கித் தள்ளிவிடும். சூரியன் தாழ இருக்கும்போது, அதாவது காலையும் மாலையும், அந்த ஒளி சாய்வாக வந்து செயற்கைக்கோள் பக்கம் தெறிக்கும். உச்சி வெயிலில் அதே ஒளி நேராகத் தரைக்குப் போயிடும். மேலே திரும்புறது கொஞ்சம். கீழே காடும் வயலும் வெயிலில் பளீரென்று இருக்க, மெல்லிய புகை அதில் கரைஞ்சு போகும். அதனால் மத்தியானப் படத்தில் புகை இல்லைன்னு பார்த்து ஜன்னலைத் திறந்துடாதீங்க.

படத்தைத் திறந்ததும் வண்ணப் படத்தோடு நிறுத்திக்காம நீலப் பட்டையைத் தனியாகப் பாருங்க, அதாவது 0.47 மைக்ரான் அலைநீள ஒளியை மட்டும் வெச்சு எடுக்கிற படம். கோஸில் இருக்கும் 16 பட்டைகளில் புகை நல்லா எடுபடுறது அதில்தான்.

புகையா மேகமா என்று குழப்பம் வந்தா அகச்சிவப்புப் பட்டைக்கு மாறுங்க. மேகம் அங்கேயும் தெரியும். புகை மறைஞ்சிடும், பத்து மைக்ரான் அலைக்கு இவ்வளவு சின்னத் துகள் ஒரு பொருட்டே இல்லை. இந்த வசதியே இரவில் தலைவலி. ராத்திரி கண்ணுக்குப் புலனாகும் ஒளி இல்லை, அகச்சிவப்பில் புகை இல்லை. எரியும் இடங்கள் மட்டும் 3.9 மைக்ரானில் புள்ளியாகத் தெரியும். நிலா வெளிச்சம் இருந்தா துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களில் இருக்கும் விர்ஸ் கருவியின் இரவுப் பட்டையில் கொஞ்சம் பிடிக்கலாம். மத்தபடி ராத்திரி பத்துக்கும் விடியலுக்கும் நடுவில் புகை நூறு, இருநூறு கிலோமீட்டர் போயிருக்கும், கோஸில் பார்க்க வழியில்லை.

#6 தேக்காவாசி

சிங்கப்பூரிலிருந்து. எங்க ஊர்ப் புகைமூட்டம் வேற ரகம், அதனால ரெண்டு வார்த்தை.

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியுறது மரம் மட்டுமில்ல, கரிநிலம். ஈரம் வத்தின மட்கு மண் நிலத்துக்கு அடியிலேயே கனன்னுக்கிட்டு இருக்கும். சுவாலை குறைவு, புகை அதிகம். சூடு குறைவா இருக்கிறதால புகை உயரப் போகாது, தாழப் படுத்துக்கிட்டே மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்துடும். செயற்கைக்கோளில் சுடுபுள்ளி, அதாவது தீயாத் தெரியுற சூடான இடம், எத்தனைன்னு பார்த்தா நாலோ அஞ்சோ இருக்கும். வெளியே கட்டடமே தெரியாது. கனலுற நிலம் வெப்பக் கருவிக்குச் சரியா சிக்காது, போதாததுக்கு மேலே மேகம். ஆசியான் வானிலை மையம் தினமும் சுடுபுள்ளி எண்ணிக்கை போடும்போதே மேகம் மறைச்சிருக்கு என்று அடிக்கடி குறிப்பு எழுதுவாங்க.

2013 ஜூன் 21ஆம் தேதி இங்க காற்று மாசுக் குறியீடு பிஎஸ்ஐ 401. 2015இல் எல்நினோ வருஷம், வாரக்கணக்கில் விடவே இல்லை, செப்டம்பர் 25 அன்று பள்ளிக்கூடமே மூடிட்டாங்க. அந்த வருஷம்தான் ஜப்பானின் ஹிமாவாரி-8 செயற்கைக்கோள் வேலைக்கு வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். அதுக்கு முன்னாடி மோடிஸ் கருவி இருக்கிற செயற்கைக்கோள் தலைக்கு மேல கடக்கும் நேரத்துக்காகக் காத்திருந்து, அந்த நேரம் பார்த்து மேகம் இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கணும்.

#7 யமுனைக்கரை

தேக்காவாசி சொன்ன "கடக்கும் நேரம்" பத்தி டெல்லியிலிருந்து ஒரு சேர்க்கை. காட்டுத்தீ இல்லை, வைக்கோல் தாள் எரிப்பு. ஆனா பாடம் ஒண்ணுதான்.

பஞ்சாப், ஹரியானாவில் அக்டோபர்–நவம்பரில் நெல் அறுத்த தாளை எரிப்பாங்க. தீ எண்ணிக்கை பெரும்பாலும் விர்ஸ், மோடிஸ் படங்களை வெச்சுத்தான் சொல்றாங்க. துருவச் சுற்றுப்பாதையில் போற இந்தச் செயற்கைக்கோள்களில் முக்கியமான பகல் கடப்பு மதியம் ஒன்றரை மணி வாக்கில். சில வருஷமா எண்ணிக்கை விழுந்துடுச்சு, எரிப்பு குறைஞ்சுடுச்சு என்று செய்தி வந்தது. 2024இல் நாசாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள், அதாவது ஒரே இடத்துக்கு மேலேயே நிக்கிறது, அதன் படங்களைப் பார்த்தார். அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுக்கும். ரெண்டு மணிக்குப் பிறகு வயல் வயலாப் புகை கிளம்புது. காற்றில் மாசு மட்டும் ஏன் குறையலைன்னு கேட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு அதில் பதில் இருந்தது.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது எந்தச் செயற்கைக்கோள், எத்தனை மணி என்று கேட்காம நம்பக் கூடாது.

#8 கொக்குவிலான்

அப்ப மொத்தத்தில என்ன சொல்லுறியள்? பகலில தெரியாது, இரவில தெரியாது, மேகத்துக்குக் கீழ தெரியாது, உயரம் தெரியாது. இவ்வளவு காசு கொட்டி ஏன் உதை மேல விட்டவை?

#9 பனிமுகடு

அண்ணை, ஒஸ்லோவில இருந்து ஒரு பதில். 2023 ஜூன் துவக்கத்தில கனடாப் புகை அத்லாந்திக்கைத் தாண்டி நோர்வேக்கு வந்தது. இஞ்ச ஒருத்தருக்கும் மணக்கேல்லை, கண்ணுக்கும் தெரியேல்லை. ஆனா செயற்கைக்கோளில அது கிறீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கமா வாறதைப் பாத்து, காற்றோட்டக் கணக்கும் போட்டு, நீலு ஆய்வுநிலையத்து ஆக்கள் முன்கூட்டியே சொல்லிப்போட்டினம். தெற்கில பிர்கெனெஸ் எண்ட இடத்தில இருக்கிற அவையின்ர கருவியில துகள் கூடினதும் பதிவாச்சு. மாதக் கடைசியில இன்னொரு கூட்டம் போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கம் போய் இறங்கினது.

கடலுக்கு மேல சென்சர் எங்க வைக்கிறது? உது இல்லாட்டி அந்தப் புகை எங்கேயிருந்து வந்தது எண்டே தெரிஞ்சிராது. 1950 செப்டம்பரில அப்பிடித்தான் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா–ஆல்பர்ட்டா எல்லையில சின்சாகா எண்ட பெருந்தீ. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒண்டாரியோவில பட்டப்பகலில இருண்டு போச்சு. அணுகுண்டோ எண்டு பயந்த சனமும் இருந்தது. ரெண்டு நாளால ஸ்கொட்லாந்தில சூரியனும் சந்திரனும் நீலமாத் தெரிஞ்சுது. அந்தக் காலத்துச் சனத்துக்கு வானத்தை அண்ணாந்து பாக்கிறதை விட வேற வழி இருக்கேல்லை.

#10 கொக்குவிலான்

நீலச் சூரியனோ! சரி, வாபஸ்.

#11 எண்கணக்கன்

நான் இந்த விவாதத்தில் கொஞ்சம் முரண்படுறேன். மாலினியின் கேள்வி "மகனை வெளியே விடலாமா" என்பது. அதுக்குச் செயற்கைக்கோளே வேண்டாம். தெருச் சென்சர்கள் இப்போ எல்லா இடத்திலும் இருக்கு. பி.எம்.2.5, அதாவது காற்றில் இருக்கும் நுண்துகள், அதன் எண் என்ன என்று பாருங்க, போதும். உலக சுகாதார அமைப்பு 24 மணி நேரச் சராசரிக்கு வெச்சிருக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம். ஆஸ்துமா உள்ள குழந்தைன்னா அதையே கோடாக வெச்சுக்கலாம், டாக்டர் வேற சொல்லாத வரைக்கும்.

ஒரே எச்சரிக்கை: மலிவு விலை லேசர் சென்சர்கள் புகையை உள்ளதை விடக் கூட்டிக் காட்டும், சில நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும். துகளை எடை போடாம, ஒளி சிதறுவதை வெச்சுக் கணக்குப் போடுற கருவிகள் அவை. அமெரிக்க ஏர்நவ் தீ–புகை வரைபடத்தில் திருத்தம் போட்ட எண் இருக்கு, அதைப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் சென்சருக்குக் கீழே பார்பிக்யூ போட்டாலும் எண் ஏறும். அதனால ஒண்ணை மட்டும் பார்க்காம நாலஞ்சைச் சேர்த்துப் பாருங்க.

#12 மேகநோக்கி

எண்கணக்கன் சொல்றது "இப்போது" என்ற கேள்விக்கு முழுசாச் சரி. இந்த நிமிஷம் வாசலில் என்ன இருக்கு என்று கேட்டா, சென்சர் எண்ணுக்கு முன்னாடி செயற்கைக்கோள் நிக்க முடியாது. ஆனா பயிற்சி ஆறு மணிக்கு. முடிவெடுக்கணும் மூணு மணிக்கு. அந்த மூணு மணி நேரத்தைச் சென்சர் சொல்லாது.

முன்னறிவிப்பு மாடல் இருக்கே என்று கேட்கலாம். கனடாவில் ஃபயர்வொர்க், அமெரிக்காவில் எச்.ஆர்.ஆர்.ஆர்-ஸ்மோக், நல்ல மாடல்கள். ரெண்டாவதில் தரைக்குப் பக்கத்திலுள்ள புகை தனி, தூண் முழுக்க உள்ள புகை தனி என்று ரெண்டு படம் வரும். மாலினி பார்க்க வேண்டியது முதலாவதை. ஆனா இந்த மாடல்களுக்குத் தீனி எங்கிருந்து? செயற்கைக்கோள் பிடிக்கும் தீப்புள்ளிகள்தான். எச்.ஆர்.ஆர்.ஆர்-ஸ்மோக், செயற்கைக்கோள் அளக்கும் தீயின் கதிர்வீச்சுத் திறனை, அதாவது எவ்வளவு சூடா எரியுது என்பதை வெச்சு எவ்வளவு புகை, எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடும். தீக்கு மேலே அன்னிக்கு மேகம் மூடியிருந்தா, மாடலுக்கு அந்தத் தீ சின்னதாகவோ இல்லாததாகவோதான் தெரியும். தேக்காவாசி சொன்ன கரிநிலச் சிக்கலும் இதில் வந்து சேரும். அதனால மாடல் தப்பாப் போகும் நாட்களில் ஏன் தப்பாச்சுன்னு பார்க்கவும் மூலப் படத்துக்குத்தான் போகணும்.

உயரத்தை நேரடியாக அளக்கக் கருவி உண்டு, லைடார்: லேசர் ஒளியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருவதை வெச்சு அளக்கும். கலிப்சோ என்ற செயற்கைக்கோள் 2006லிருந்து அதைச் செய்தது. 2023 கோடையிலேயே, ஆகஸ்டில், அதன் வேலை முடிஞ்சது. கனடா எரிஞ்சுக்கிட்டிருந்த வருஷத்தில்! 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து, லைடார் வெச்ச எர்த்கேர் செயற்கைக்கோளை ஏவினாங்க. ரெண்டுமே தான் போகும் பாதைக்கு நேர்கீழே ஒரு மெல்லிய கோட்டை மட்டும்தான் வெட்டிக் காட்டும். அந்தக் கோடு ஸ்கார்பரோ மேல விழுற நாளுக்காகக் காத்திருக்க முடியாது.

மேகத்துக்கு மேலே மிதக்கும் புகைக்கு சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவி உதவும். புற ஊதா ஒளியைப் புகை உறிஞ்சுறதை வெச்சு ஒரு குறியீடு போடுது, மேகமோ பனியோ கீழே இருந்தாலும் தெரியும். உயரத்தில் இருக்கும் புகைதான் அதில் பளிச்சென்று வரும், தரையை ஒட்டினது மங்கும். அதையே சாதகமாக எடுத்துக்கலாம்: வண்ணப் படத்தில் புகை தெரியுது, ட்ரோபோமி குறியீட்டில் ஒண்ணுமில்லைன்னா, சந்தேகப்படுங்க, அது தாழ்ந்த புகையாக இருக்கலாம். அதே கருவி கார்பன் மோனாக்சைடும் அளக்கும். துகள் மழையில் கழுவிப் போயிடும், அந்த வாயு வாரக்கணக்கில் நிக்கும், அதனால கடல் தாண்டிப் போற புகையின் தடத்தைப் பிடிக்க நல்லது.

மாலினி, உங்களுக்கு இத்தனையும் வேண்டாம். நான் சாயங்காலத்துக்குச் செய்யுறதை மட்டும் சொல்றேன். காலை எட்டு, ஒன்பது மணிப் படத்தை ஓடவிட்டுப் புகையின் விளிம்பு எங்கே இருக்கு, எந்தப் பக்கம் நகருது என்று பார்த்து வெச்சுக்குவேன். மத்தியானம் படம் மங்கினதும் அதை விட்டுட்டு, விளிம்பு வரும் திசையில் இருக்கும் ஊர்களின் சென்சருக்குத் தாவுவேன். வடக்கிலிருந்து வருதுன்னா சட்பரி, அப்புறம் பாரி. விளிம்பு பாரியைத் தாண்டியும் பாரி எண் ஏறலைன்னா புகை மேலே போகுது, நமக்குச் சிவந்த சூரியன் மட்டும். பாரி எண் 10லிருந்து 60க்குத் தாவிச்சுன்னா தரையோடு வருது. அதுக்கப்புறம் காற்றின் வேகத்தைப் பார்த்தா எத்தனை மணிக்கு இங்கே என்று கணக்குப் போடலாம்.

குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடக்கிற நாளில் கூடுதலாகக் கவனிங்க. அதன் பின்னால் காற்று கீழிறங்கும், மேலே இருந்த புகையைக் கூடவே இறக்கும். வெப்பம் குறைஞ்சு "அப்பாடா, நல்ல காற்று" என்று ஜன்னலைத் திறக்கும் அதே நேரம்! நீங்க சொன்ன நேற்றைய ஆறு மணி அதுதான் என்று நினைக்கிறேன், நேற்று பிற்பகல் இங்கே காற்று வடமேற்குக்குத் திரும்பினது.

#13 மாலினி_ஸ்கார்பரோ

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு மேகநோக்கி அண்ணா சொன்ன மாதிரியே செய்து பாத்தன். காலமை எட்டரைப் படத்தில ஜோர்ஜியன் குடாவுக்கு மேல சாம்பல் நிறத்தில ஒரு நாக்கு நீட்டிக்கொண்டு நிண்டது, தெற்கால இறங்கிறது வடிவாத் தெரிஞ்சுது. அகச்சிவப்பில மாத்திப் பாத்தன், காணேல்லை, அப்ப புகைதான். ரெண்டு மணிக்குப் பாரியில 12. மூண்டே காலுக்கு 47. பயிற்சியாளருக்கு அடிச்சுச் சொன்னன், அவர் உள்ளரங்கம் இருக்கோ எண்டு பாக்கிறன் எண்டார், கிடைச்சிட்டுது. ஆறு மணிக்கு இஞ்ச டொரொண்டோ கிழக்கில 52.

மகன் இப்ப தனக்கும் நீலப் பட்டை காட்டச் சொல்லி நிக்கிறான்.

ஒரு கேள்வி. நோவா பக்கத்தில "கோஸ் கிழக்கு" எண்டு போட்டிருக்கு, பழைய கட்டுரைகளில கோஸ்-16 எண்டு கிடக்கு. ரெண்டும் ஒண்டோ?

#14 எண்கணக்கன்

சரி, தோல்வியை ஒத்துக்கலை, ஆனா சட்பரி–பாரி வித்தையில் சென்சர்தானே கடைசிச் சொல் சொன்னது!

#15 மேகநோக்கி

@எண்கணக்கன் எந்த ஊர்ச் சென்சரைப் பார்க்கணும் என்று சொன்னது யாரு?

@மாலினி கிழக்கு என்பது இடத்தின் பேர், நம்பர் அந்த இடத்தில் நிக்கும் செயற்கைக்கோளின் பேர். 75.2 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையில் 2017 கடைசியிலிருந்து கோஸ்-16 நின்னது. 2025 ஏப்ரல் 7 முதல் அங்கே கோஸ்-19. கருவி ஒரே வகை, பட்டைகளும் அதே 16, அதனால பழைய கட்டுரையில் சொன்னபடி பார்த்தாலே போதும். முழுப் பூமிப்பாதி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அமெரிக்கா–தென் கனடாப் பகுதி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். தம்பிக்கு அஞ்சு நிமிஷத்துப் படத்தையே போட்டுக் காட்டுங்க, சாயங்காலம் சூரியன் சாயும் நேரமாப் பார்த்து.